இசை எங்கே போச்சு?

பள்ளிக்கு லீவு விட்டால் போதும், பரணில் கிடக்கும் சி.டி. பைகள் கீழே இறங்கிவிடுகின்றன. இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பழைய கம்ப்யூட்டர் கேம்களைப் பற்றியவை. வேலூர் தோட்டப்பாளையத்தில் 1999-லிருந்து கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் நான். இதே கேள்விகளைக் கடைப்படியில் நின்று கேட்டவர்கள் நிறைய. இவர்கள் செய்திருக்கும் தவறுகளில் பாதியை நானும் செய்திருக்கிறேன்.

கேள்வி (சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வங்கி ஊழியர்): குவேக் விளையாட்டின் சி.டி.யைப் பல வருடங்களுக்கு முன்பே ஐ.எஸ்.ஓ. ஃபைலாக மாற்றி வைத்திருந்தேன். இப்போது டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் கேம்களைப் புதிய கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) போட்டால் கேம் நன்றாக ஓடுகிறது. துப்பாக்கிச் சத்தம், பூதங்களின் உறுமல் எல்லாம் கேட்கிறது. பின்னணி இசை மட்டும் வரவில்லை. சவுண்டு செட்டிங்கை எத்தனையோ முறை மாற்றிப் பார்த்துவிட்டேன். எங்கே தப்பு?

சார், செட்டிங்கை விட்டுவிடுங்கள். அந்த ஃபைலுக்குள் இசையே கிடையாது. இல்லாததை எந்த செட்டிங்கிலும் வரவழைக்க முடியாது.

1996-இல் வந்த குவேக்கின் சி.டி. பாதி கம்ப்யூட்டர் டிஸ்க், பாதி பாட்டு சி.டி. முதல் டிராக்கில் கேம். இரண்டிலிருந்து பதினொன்று வரை பத்து டிராக்குகள் அசல் ஆடியோ, கடையில் பாட்டு சி.டி. வாங்கினால் எப்படி இருக்குமோ அப்படியே. நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் செய்த இசை. கேம் ஓடும்போது அது டிரைவிடம் "நாலாவது பாட்டைப் போடு" என்று சொல்லும், டிரைவ் போடும். அவ்வளவுதான் ஏற்பாடு. அந்த நாளில் இந்த சி.டி.யை வீட்டு சி.டி. பிளேயரில் போட்டால் இரண்டாம் எண்ணிலிருந்து பாட ஆரம்பிக்கும். முதல் எண் ஓடினால் சில பிளேயர்களில் ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி இரைச்சல் வரும், அதனால் அதைத் தாண்டிவிடுவோம்.

ஐ.எஸ்.ஓ. என்பது தரவு டிராக்கை மட்டும் படியெடுக்கிற வடிவம். ஆடியோ டிராக்குகளுக்கு அதில் இடமே இல்லை. நீங்கள் அன்றைக்கு ஐ.எஸ்.ஓ. என்று தேர்ந்தெடுத்த நிமிடமே பத்துப் பாட்டும் போய்விட்டன. ஒரு எச்சரிக்கைகூட வந்திருக்காது. கேம் இன்ஸ்டால் ஆகும், ஓடும், சுடும், எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே இருக்கும். நம் ஊர்க்காரருக்கு வேறு உவமை எதற்கு? 1981-க்கு முன்னால் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் இருந்த கதைதான். கோபுரம் இருக்கும், கல்யாண மண்டபத்துத் தூண்கள் இருக்கும், சாமி மட்டும் உள்ளே இருக்காது. அவர் உங்கள் சத்துவாச்சாரியில் இருந்தார்!

நான் இதில் கெட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். 2006-இல் கடையை மாற்றும்போது நாற்பதுக்கும் மேற்பட்ட கேம் சி.டி.க்கள் இருந்தன. ஒரு வாரம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஐ.எஸ்.ஓ. ஆக்கி ஹார்டு டிஸ்கில் போட்டேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு. சி.டி.க்களை மூட்டை கட்டிக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். நாலைந்து வருடம் கழித்து ஒரு வாடிக்கையாளர் குவேக் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்து, "இன்னாண்ணே, ஊமையா இருக்குது?" என்றார். அன்றைக்குத்தான் மற்ற ஃபைல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஆடியோ டிராக் இருந்த கேம் அத்தனையும் ஊமை.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். சி.டி. இன்னும் கையில் இருக்கிறதா? இருந்தால் வேலை அரை மணி நேரம். யு.எஸ்.பி.யில் செருகும் டி.வி.டி. டிரைவ் ஒன்று இருந்தால் போதும். இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளை ஏற்றுங்கள். ஏற்றும்போது கூடவே வேறு எதையாவது போடட்டுமா என்று கேட்டால் டிக்கை எடுத்துவிடுங்கள். டிஸ்கிலிருந்து இமேஜ் (சி.டி.யின் முழு நகல் ஃபைல்) எடுக்கும் பகுதிக்குப் போனால், ஆடியோ டிராக் இருக்கிற சி.டி. என்று அதுவே கண்டுபிடித்து இரண்டு ஃபைல்களாக எழுதும். ஒன்று பெரிய 'பின்' ஃபைல், இன்னொன்று குட்டி 'கியூ' ஃபைல். படிக்கும் வேகத்தைக் குறைத்து எட்டு மடங்கில் வையுங்கள். கீறல் விழுந்த டிஸ்க் நிதானமாகச் சுற்றினால் ஒழுங்காகப் படிக்கும்.

அந்தக் குட்டி கியூ ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். வெறும் எழுத்துதான். முதல் வரியில் பின் ஃபைலின் பெயர் இருக்கும். அப்புறம் டிராக் 01 என்று எழுதி அது தரவு வகை என்று இருக்கும். அதற்குக் கீழே டிராக் 02, ஆடியோ. டிராக் 03, ஆடியோ. இப்படியே 11 வரை. ஒவ்வொன்றும் எந்த நிமிடம், எந்த நொடியில் தொடங்குகிறது என்ற கணக்கும் கூடவே வரும். 01-ஓடு பட்டியல் முடிந்துவிட்டால் உங்கள் சி.டி.யிலேயே பாட்டு இல்லை என்று அர்த்தம். அதுவும் நடக்கிற காரியம்தான். அந்த நாளில் நம் பக்கம் கைமாறியதில் நகல் சி.டி. ஏராளம். இடம் மிச்சம் பிடிக்கப் பாட்டை முன்கூட்டியே வெட்டி எறிந்துவிடுவார்கள். சி.டி.யின் அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இல்லாமல் பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் யாரோ வீட்டில் எழுதிய நகல்தான் அது.

இன்னொரு கோளாறு. பின் ஃபைலின் பெயரை அழகாக மாற்றி வைப்பீர்கள். கியூவின் முதல் வரியில் பழைய பெயரே இருக்கும். பெயர் பொருந்தாவிட்டால் எந்த மென்பொருளும் திறக்காது. நோட்பேடிலேயே புதுப் பெயரை அடித்து சேவ் செய்தால் தீர்ந்தது. என் கடைக்கு "இமேஜ் கெட்டுப்போச்சு" என்று வருகிறவற்றில் நிறைய இந்த ஒரு வரிப் பிரச்சினைதான். அதற்குக் காசு வாங்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

டாஸ்பாக்ஸில் கொடுக்க வேண்டிய கட்டளையையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்திரிகையில் ஆங்கில எழுத்து அச்சாகாது, எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன். 'ஐ, எம், ஜி, மவுண்ட்' எல்லாவற்றையும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடியுங்கள். இடைவெளி விட்டு 'டி'. இடைவெளி விட்டு கியூ ஃபைல் இருக்கும் முழு முகவரி. இடைவெளி விட்டு ஒரு சின்னக் கோடு, ஒட்டியே 'டி', இடைவெளி, 'ஐஎஸ்ஓ'. முதல் டி, டாக்டருக்கு வருகிற டி. இரண்டாவது, டீக்கடைக்கு வருகிற டி. கியூ ஃபைலைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் ஐ.எஸ்.ஓ. என்று எழுதுவது முரணாகத் தெரியும். செய்தவர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

சி.டி. போயே போய்விட்டது என்றால் பழைய ஐ.எஸ்.ஓ.வை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. 2021-இல் குவேக்கின் புதுப் பதிப்பு வந்தது, அந்த இசை அதிலேயே இருக்கிறது. தள்ளுபடி நாள் பார்த்து வாங்கிவிடுங்கள். நான் அப்படித்தான் வாங்கினேன்.

கேள்வி (குடியாத்தம், கல்லூரி மாணவர்): அண்ணா, விண்டோஸ் 11-இல் ஐ.எஸ்.ஓ.வை டபுள் கிளிக் செய்தாலே டிரைவாகத் திறக்கிறது. என்னிடம் இருப்பது பின் ஃபைல். பெயரின் கடைசியை ஐ.எஸ்.ஓ. என்று மாற்றினேன். ஃபைல் கெட்டுவிட்டது என்கிறது. உண்மையிலேயே கெட்டுவிட்டதா?

இல்லை தம்பி, பெயரைப் பழையபடி மாற்றிவிடு, அப்படியே நன்றாக இருக்கும். நேதாஜி மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறங்குவதைப் பார்த்திருப்பாய். பெட்டியோடு எடை போட்டால் ஒன்று, தக்காளியை மட்டும் போட்டால் ஒன்று. சி.டி.யின் தரவுப் பகுதியில் ஒவ்வொரு செக்டரும் (ஒரு துண்டு) 2352 பைட். அதில் நம் சரக்கு 2048 பைட்தான். மீதி 304 பைட்டில் செக்டரின் எண், கீறல் விழுந்தால் சரிசெய்து படிப்பதற்கான கணக்கு என்று பெட்டிச் சமாசாரம். ஐ.எஸ்.ஓ.வில் வெறும் சரக்கு. பின் ஃபைலில் பெரும்பாலும் பெட்டியோடு. பெயரை மட்டும் மாற்றினால் விண்டோஸ் 2048-க்கு ஒரு தடவை வெட்டிக்கொண்டு போகும், முதல் பெட்டியிலேயே கணக்கு தப்பிவிடும்.

வின்சிடிஎமு என்ற இலவச மென்பொருளை ஏற்று. கியூ ஃபைலை டபுள் கிளிக் செய்தால் டிரைவாகத் திறக்கும். நீரோவின் என்.ஆர்.ஜி., எம்.டி.எஃப். மாதிரி மற்றப் பழைய வடிவங்களையும் அது பார்த்துக்கொள்ளும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல். விண்டோஸ் தானே ஐ.எஸ்.ஓ. திறக்கும் வசதி 8-இல்தான் வந்தது. அப்புறம், பென் டிரைவில் வைத்தபடியே திறக்காமல் ஃபைலை முதலில் கம்ப்யூட்டருக்குள் காப்பி செய்துகொள். பாதி தகராறு அதிலேயே குறையும்.

கேள்வி (ஆற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை): பள்ளியில் பயன்படுத்திய 1996-ஆம் வருடத்துக் கணித விளையாட்டு சி.டி. இமேஜ் நன்றாகத் திறக்கிறது, உள்ளே ஃபைல்கள் தெரிகின்றன. செட்டப்பைத் தொட்டால் மட்டும் "இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது" என்று வருகிறது. புதிய லேப்டாப்.

டீச்சர், இமேஜ் மேல் குற்றமில்லை, அதுதான் திறந்துவிட்டதே. செட்டப் 16 பிட் காலத்துச் சமாசாரம். உங்கள் லேப்டாப்பின் விண்டோஸ் 64 பிட். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலைத் தொடாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1995, 96, 97-இல் வந்த நிறைய கேம்களில் கேம் 32 பிட், அதை ஏற்றும் செட்டப் மட்டும் 16 பிட். பழைய 3.1 விண்டோஸ்காரரும் செட்டப்பைத் திறக்கலாமே என்று அப்படி வைத்தார்கள். வீட்டுக்குள் போனால் எல்லாம் புதுசு, கதவு மட்டும் பழசு. ஆகவே முதலில் டிரைவைத் திறந்து செட்டப்32 என்ற பெயரில் இன்னொரு ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால், கேமின் ஃபைல்கள் அப்படியே விரித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். முழு ஃபோல்டரையும் காப்பி செய்து, கேமின் நிரலை நேராகவே ஓட்டலாம். பாடம் சொல்லும் கேம்களில் இது பலித்திருக்கிறது.

இரண்டும் நடக்காவிட்டால் வைன்விடிஎம் என்று ஒன்று இருக்கிறது. 16 பிட் விண்டோஸ் நிரல்களை 64 பிட்டில் ஓட்டுவதற்கென்றே செய்தது. அதுவும் முரண்டு பிடித்தால், பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. சி.டி.யும் லைசென்சும் பள்ளியில் இருக்கும்பட்சத்தில், விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும் மென்பொருள்) எக்ஸ்.பி.யை ஏற்றி அதற்குள் விளையாட விடுங்கள். எக்ஸ்.பி.க்கு இன்டர்நெட்டைக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் பெருக்கல் கணக்குப் போட இன்டர்நெட் எதற்கு?

கேள்வி (ஆம்பூரிலிருந்து ஒரு வாசகி): அண்ணா, கேம் இன்ஸ்டால் ஆனது, ஒரு நாள் பூராவும் பையன் விளையாடினான். மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டால் சி.டி.யைச் செருகு என்கிறது.

ராத்திரி ஆஃப் செய்தீர்கள் அல்லவா, அப்போதே அந்தப் பொய் டிரைவ் கழன்றுவிட்டதும்மா. விண்டோஸில் மவுண்ட் செய்தால் (அதாவது இமேஜை டிரைவாகத் திறந்தால்) ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரைப் போடும்போதும் திரும்பச் செய்ய வேண்டும். செய்யும்போது நடுவில் பென் டிரைவ் செருகியிருந்தால் நேற்று 'இ'யாக இருந்த டிரைவ் இன்றைக்கு 'எஃப்' ஆகிவிடும். பழைய கேம் இன்ஸ்டால் ஆன அன்றைய எழுத்தை மனப்பாடம் செய்துவைத்திருக்கும், புது எழுத்தில் தேடாது. மேலே குடியாத்தம் தம்பிக்குச் சொன்ன வின்சிடிஎமுவில், டிரைவ் எழுத்தை நீங்களே குறித்துக் கொடுத்து, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் வைத்திரு என்று சொல்லிவிடலாம்.

அதற்குப் பிறகும் அசல் டிஸ்கைக் கேட்டால் அது நகல் எடுப்பதைத் தடுக்கப் போட்ட பூட்டு. சேஃப்டிஸ்க் மாதிரியான பூட்டுகள் போட்ட கேம்கள் 2000-ஐ ஒட்டி நிறைய வந்தன. அந்தப் பூட்டுக்கு விண்டோஸுக்குள் ஒரு டிரைவர் (உதவி நிரல்) தேவை. பாதுகாப்பு ஓட்டை என்று மைக்ரோசாஃப்ட் 2015-இல் அதை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10, 11-இல் அசல் சி.டி.யையே செருகினாலும் அந்த கேம் திறக்காது, காசு கொடுத்து வாங்கியவனுக்கும் அதே கதிதான். எனக்கு இதில் கோபம் உண்டு. ஆனால் அதற்காக 'கிராக்' (பூட்டை உடைக்கும் நிரல்) தேடிப் போகாதீர்கள். கடைக்கு வரும் வைரஸ் பிடித்த லேப்டாப்புகளில் பல அந்த வழியாக வந்தவைதான். கேமைச் செய்த நிறுவனமே கடைசியாகக் கொடுத்த பேட்ச்சில் (திருத்த ஃபைலில்) டிஸ்க் சோதனையை எடுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில நிறுவனங்கள் எடுத்திருக்கின்றன.

கேள்வி (ராணிப்பேட்டை): ஐந்நூறு பழைய கேம் இமேஜ்கள் அடங்கிய பென் டிரைவ் 300 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா? பழைய கேம்தானே, சட்டப்படி தப்பில்லையே?

வாங்காதீர்கள். பழையது என்பதற்காக உரிமை போய்விடாது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க், கெட்டுப்போனால் வேண்டுமே என்று ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ள 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அடுத்தவர் டிஸ்கின் படியை 300 ரூபாய்க்கு விற்பது அதில் வராது.

இலவசமாகவே கிடைப்பவை இருக்கும்போது 300 எதற்கு? பினீத் எ ஸ்டீல் ஸ்கை 2003-லிருந்து இலவசம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் முதல் கேம் அரீனா 2004-லிருந்தும், இரண்டாவது டேகர்ஃபால் 2009-லிருந்தும் இலவசம். ரெட் அலர்ட்டை 2008-இல் அதன் நிறுவனமே டிஸ்க் இமேஜாக இலவசமாக விட்டது. மற்றதற்கு ஜி.ஓ.ஜி. என்ற கடை 2008-லிருந்து இருக்கிறது. பழைய டாஸ் கேம்களை டாஸ்பாக்ஸோடு சேர்த்துக் கட்டியே விற்கிறார்கள். பூட்டும் கிடையாது, மவுண்டும் கிடையாது.

கேள்வி (வேலூர், கொசப்பேட்டை): சிமென்ட் ஷீட் போட்ட மாடி அறையில் பத்து வருடமாக இருந்த சி.டி.க்கள். சிலவற்றில் மேலே ஒட்டிய ஸ்டிக்கர் உரிகிறது. படியெடுக்கலாமா?

நம் ஊர் மே மாதத்தை ஷீட்டுக்கு அடியில் பத்து தடவை பார்த்த சி.டி.க்கள் அவை. இன்றைக்கே படியெடுங்கள். ஸ்டிக்கரை மட்டும் உரிக்காதீர்கள்! எல்லோரும் சி.டி.யின் பளபளக்கும் பக்கம்தான் முக்கியம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கெட்டிப் பிளாஸ்டிக், கொஞ்சம் கீறலைத் தாங்கும். தரவு இருக்கும் மெல்லிய அடுக்கு லேபிள் பக்கத்தை ஒட்டித்தான் இருக்கிறது. ஸ்டிக்கரை இழுத்தால் அந்த அடுக்கும் கூடவே பெயர்ந்து வரும், அப்புறம் கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரியும்.

ஒவ்வொன்றையும் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது, அவற்றை முதலில் எடுங்கள். தூசி இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். சி.டி.யில் தரவு வட்டமாக ஓடுகிறது. வட்டக் கீறல் ஒரே இடத்தில் நீளமாகத் தின்றுவிடும், குறுக்குக் கீறலை டிரைவ் சமாளித்துக்கொள்ளும். வீட்டில் எழுதிய நகல்களுக்கு முதலிடம் கொடுங்கள். அவற்றில் இருப்பது சாயம், வெயிலுக்கு வெளுத்துவிடும். எடுக்கும்போது ஆடியோ டிராக் இருந்தால் பின்னும் கியூவும்தான். ஏன் என்று சத்துவாச்சாரி சாருக்கு மேலே எழுதியிருக்கிறேன். படியெடுத்த பிறகும் சி.டி.க்களைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். கீழ்வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் நிற்க வைத்துவிடுங்கள்.

டாஸ்பாக்ஸ் ஜன்னலுக்குள் மவுஸ் மாட்டிக்கொண்டு வெளியே வராமல் கம்ப்யூட்டரையே ஆஃப் செய்ததாக எழுதியிருக்கும் வாணியம்பாடித் தம்பிக்கு: கண்ட்ரோலையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்து. வந்துவிடும்.